பின் ஸ்பிரிங்கும் ஓர் அட்டை முட்டையும்

எங்கள் ஜீப்பின் பின்பக்கம் எப்போதும் கொஞ்சம் உட்கார்ந்தே இருக்கும். விருந்து சாப்பிட்டுவிட்டு எழ மனமில்லாத ஆளைப் போல ஒரு சாய்மானம். ஞாயிற்றுக்கிழமைகளில் சிநேகிதர்களோடு கொல்லிமலை அடிவாரத்துக் கல்லிலும் மணலிலும் ஏற்றி இறக்கி விளையாட ஆசைப்பட்டு வாங்கிய வண்டி. “ரோடு போட்ட ஊர்ல பொறந்துட்டு ரோடு இல்லாத எடமாத் தேடிப் போற மனுசன்” என்று என் மனைவி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். கோபத்துக்கு என்னிடம் என்றுமே பஞ்சமில்லை.

எருமப்பட்டிக்குக் கிழக்கே எங்களுக்குக் கோழிப்பண்ணை. அதற்கு முன்னால் வெகு காலம் லாரி வைத்திருந்தேன். பண்ணை என் பேரில் இருந்தாலும் நடத்துகிறவள் அவள்தான். தீவனம், மருந்து, முட்டை எடுப்பு எல்லாவற்றையும் அவள் பார்த்துக்கொள்வாள், நான் பார்த்துக்கொள்வதாக வெளியே சொல்லிக்கொள்வேன். போன மழைக்காலத்தில், கூண்டு வரிசைகளுக்கு நடுவே உயரத்தில் போகும் நடைபலகை ஈரமாகக் கிடந்தபோது, கால் வழுக்கிக் கீழே விழுந்துவிட்டாள். முதுகில் ஓர் எலும்பு நொறுங்கியது. சேலத்தில் ஆபரேஷன் செய்து திருகு வைத்துப் பிடித்தார்கள். மெதுவாக உட்காரலாம், வீட்டுக்குள் நடக்கலாம், குலுங்க மட்டும் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

ஆம்புலன்ஸில் ஊர் திரும்ப அவளுக்கு இஷ்டமில்லை. “நான் நல்லாத்தான இருக்கறேன், நம்ம ஜீப்புலயே போலாமுங்க” என்றாள். முன் இருக்கையை முழுக்கச் சாய்த்து, பின் இருக்கையோடு சேர்த்து மெத்தை விரித்து அவளைப் படுக்க வைத்தோம். தலை என் தோளுக்குச் சற்றுப் பின்னால், இடுப்பு பின் சக்கரங்களுக்கு நேர் மேலே. அவளுடைய தங்கை ஓரமாக ஒண்டிக்கொண்டாள். ஆஸ்பத்திரிச் சாமான் முழுவதும் பின்னால் ஏறியது. அந்தச் சுமையில் வண்டி இன்னும் தணிந்துபோனது. நாமக்கல்லை நெருங்கும் நேரத்தில் வெள்ளைக் கோடு அழிந்த ஒரு வேகத்தடை. முன் சக்கரம் ஏறி இறங்கியது. பின் சக்கரம் இறங்கும்போது ஸ்பிரிங் முழுக்க அமுங்கி, ஆக்ஸில் போய் வண்டியின் அடிச்சட்டத்தில் ‘தட்’ என்று இடித்தது.

அவள் ஒரு சத்தம் போட்டாள். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அவளிடமிருந்து நான் கேட்டறியாத சத்தம். பிரசவத்தின்போது கூட அறைக்கு வெளியே நின்ற என் காதில் அப்படி ஒன்று விழவில்லை.

அன்றோடு அவள் எந்த வண்டியிலும் ஏற மறுத்துவிட்டாள். மறுபரிசோதனைக்குக் கூப்பிட்டார்கள், போகவில்லை. சொந்தத்தில் ஒரு கல்யாணம், நான் மட்டும் போய் வந்தேன். ஜன்னலோரக் கட்டிலில் படுத்துக்கொண்டு மின்விசிறியைப் பார்த்தபடி இருப்பாள். தூக்கம் துண்டு துண்டாக வரும். புரண்டு படுத்தால் வலி எழுப்பிவிடும்.

ஓடைக்கு அந்தப்பக்கம் எங்களுக்கு மேட்டு நிலம் ஒன்று உண்டு, எங்கள் பேச்சில் மேட்டுக்காடு. பாதியில் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி. மீதியில் அவள் விழுவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் நாவல் கன்று வைத்திருந்தாள். ஆரம்பத்தில் காலையில் எழுந்ததும், “கன்னுக்குத் தண்ணி போச்சுங்களா?” என்று கேட்பாள். போச்சு என்பேன். எத்தனை இலை விட்டிருக்கிறது என்று கேட்பாள், நான் எண்ணாமலே ஏதாவது சொல்வேன். பிறகு ஒரு காலையில் அவள் கேட்கவில்லை. மறுநாளும் கேட்கவில்லை. நானாகப் போய்ச் சொன்னபோது, “அப்டீங்களா” என்று மட்டும் சொன்னாள். எனக்குப் பயமாகிவிட்டது. கட்டிலில் படுத்தபடியே அவள் என்னை விட்டுத் தூரமாகப் போய்க்கொண்டிருந்தாள். எப்படியாவது ஒரு தடவை அவளை அந்தக் காட்டுக்குக் கொண்டுபோய்விட வேண்டும் என்று எனக்குள் ஒரு வெறி பிடித்துக்கொண்டது.

வேறு காராக இருந்தால் அந்த ஓடையில் இறங்கவே இறங்காது. ஜீப்தான் ஒரே வழி. அதன் பின்பக்கத்தை உயர்த்திவிட்டால், ஸ்பிரிங் முழுக்க அமுங்காது, ஆக்ஸில் இடிக்காது, அவள் முதுகில் அந்த ‘தட்’ விழாது. என் மூளைக்கு எட்டிய வைத்தியம் அவ்வளவுதான்.

நாமக்கல்லில் லாரிப் பட்டறைகள் வரிசையாக இருக்கும் சாலையில் பாய் ஒருவர் ஸ்பிரிங் பட்டறை வைத்திருக்கிறார். என் லாரிக்காலத்துச் சிநேகிதர். அவரும் நானும் கைபேசியில் தலையை முட்டிக்கொண்டு பார்த்தோம். இந்த மாதிரி ஜீப்புகளுக்கென்றே உயரமான சுருள் ஸ்பிரிங்குகள் கோயமுத்தூரிலிருந்து பார்சலில் வருகின்றன. உயரம் ஒன்றுதான், கனத்தில் மூன்று வகை. ஆள் மட்டும் போகிற வண்டிக்கு மெல்லியது. எப்போதும் கொஞ்சம் சாமான் கிடக்கும் வண்டிக்கு நடுத்தரம். இரும்பு பம்பர், தண்ணீர்த் தொட்டி, கூரைமேல் கூடாரம் என்று இறக்கவே இறக்காத சுமை உள்ள வண்டிக்குக் கனமானது. இறக்காமல் வைத்திருக்கும் சுமை எவ்வளவு என்பதை மட்டும் பார்த்து வாங்கவும் என்று தெளிவாகவே போட்டிருந்தது.

ஆனால் எங்கள் ஊரில் சுமை என்ற சொல்லைப் பார்த்தாலே, இன்னும் எவ்வளவு ஏற்றலாம் என்றுதான் புத்தி போகும். புது லாரி வாங்கினால் ஓட்டிப் பார்ப்பதற்கு முன்பே பட்டறைக்குக் கொண்டுபோய், அடுக்கு ஸ்பிரிங்கில் கூடுதலாக ஒரு பட்டை சொருகிக்கொண்டு வருகிற ஊர் இது. நானும் சொருகியவன், பாய் சொருகிவிட்டவர்.

“ஏனுங்ணா, சின்னதா வாங்கிப் போட்டுப் பத்தலீன்னா என்ன பண்றது?” என்றார் பாய். “பெருசாவே போட்டுருவோம். மிச்சமிருக்கற பலம் கெட்டா போயிரும்?”

“அதானே” என்றேன். கனமானதையே வரவழைத்தோம்.

மாட்டியது பாயின் பட்டறையில். சட்டத்துக்கு அடியில் முட்டுக் கொடுத்து, பின் சக்கரங்களைக் கழற்றி, ஆக்ஸிலுக்குக் கீழே ஜாக்கி வைத்து, ஷாக் அப்சார்பரின் கீழ் போல்ட்டைத் தட்டி எடுத்தார். ஜாக்கியை மெதுவாக இறக்க இறக்க, பிரேக் குழாய் இழுபடாமல் நான் விளக்கைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். பழைய ஸ்பிரிங் சாதுவாகத் தளர்ந்து கைக்கு வந்தது. புதியது அவ்வளவு சுலபத்தில் உள்ளே போகவில்லை. கடப்பாரையால் ஆக்ஸிலை அமுக்கிப் பிடித்து, சுருளின் நுனி அதற்கான பள்ளத்தில் சரியாக உட்காரும்வரை திருப்பித் திருப்பி, இருவரும் வியர்வையில் குளித்தோம். வண்டியைத் தரையில் இறக்கியபோது பின்பக்கம் கொடுக்கைத் தூக்கிய தேள் போல நின்றது. பாய் இரண்டடி பின்னால் போய் நின்று ரசித்தார். எனக்கும் பெருமை தாங்கவில்லை.

வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, ஜன்னல் வழியாக அவளைப் பார்க்கச் சொன்னேன். அவள் வெகுநேரம் பார்த்தாள்.

“நான் இதுல வரோணுங்களா?”

“இனி இடிக்காது அம்மிணி. காட்டுக்கு ஒரு நட போய்ட்டு வந்துரலாம்.”

அவள் மறுபடி மின்விசிறியைப் பார்த்தாள். வரமாட்டாள் என்று நினைத்தேன். ஆனால் பண்ணைக்காரி புத்தி அவளுக்குள் எங்கோ விழித்துக்கொண்டது போலும்.

“ஓர் அட்ட முட்டைய நான் படுக்கற எடத்துல வைங்க. கயிறெல்லாம் போட்டுக் கட்டாதீங்க. ஓடையத் தாண்டிக் காட்டுக்குப் போய்ட்டுத் திரும்பி வாங்க. முட்ட முழுசா வந்து சேந்தா நானும் வாரேன்.”

எங்கள் பக்கத்தில் பண்ணைக்கு வருகிற டெம்போக்களை இப்படித்தான் சோதிப்பார்கள். டிரைவர் என்ன பீற்றிக்கொண்டாலும் கேட்கமாட்டார்கள், முட்டையைத்தான் கேட்பார்கள். ஆனால் பெண்டாட்டியை ஏற்றுவதற்கு முன்னால் முட்டையை ஏற்றி ஓட்டியவன் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

மெத்தையை விரித்து, அவள் இடுப்பு வருகிற இடத்தில் முப்பது முட்டை உள்ள அட்டையை வைத்துக்கொண்டு கிளம்பினேன். வெயில் ஏறியிருந்தது. தார்ச்சாலை முடிந்து மண்தடம் தொடங்கியதுமே சங்கதி புரிந்துவிட்டது. அந்த ஸ்பிரிங் சுமைக்காகக் காத்திருந்தது. நானும் ஓர் அட்டை முட்டையும் அதற்கு ஒரு சுமையே இல்லை. ஒவ்வொரு கல்லையும் அது எனக்கு அப்படியே எடுத்துக் கொடுத்தது. ஓடைக்குள் ஆக்ஸில் ஒரு தடவைகூட இடிக்கவில்லை, அது உண்மை. இடிப்பதற்குப் பதிலாகத் துள்ளிக்கொண்டே இருந்தது. பின்னால் முட்டைகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் சத்தம் கேட்டது. நான் வண்டியைத் திட்டினேன், பாயைத் திட்டினேன், ஓடையில் கல் கொண்டுவந்து போட்ட மழையைத் திட்டினேன்.

திரும்பி வந்து அட்டையை அவள் பக்கத்தில் வைத்தேன். உடைந்து ஒழுகியவை கண்ணுக்கே தெரிந்தன. மற்றவற்றை அவள் இரண்டிரண்டாகக் கையில் எடுத்து, காதருகே வைத்து, மெல்லத் தட்டிப் பார்த்தாள். நல்ல முட்டையும் நல்ல முட்டையும் மோதினால் ‘டிக்’ என்று மணியாக ஒலிக்கும். கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தால்கூட ஒலி மங்கிவிடும். முட்டைப் பண்ணையில் இருக்கிறவர்களுக்கு அந்த வித்தியாசம் தூக்கத்திலும் தெரியும். மத்தியானத்தில் வீடு அடங்கியிருக்க, அந்தச் சின்னச் சத்தம் அறையிலிருந்து அறைக்குப் போய்க்கொண்டிருந்தது. வாசலில் வெயில் வெள்ளையாக நின்றது. பாதிக்குப் பாதி மங்கலாகத்தான் ஒலித்தன.

“என்ற இடுப்பு இதைய விடக் கெட்டின்னு நெனைச்சீங்களா?” என்று கேட்டுவிட்டு அவள் சிரித்தாள். சிரித்ததில் வலித்தது போல, இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். விழுந்த பிறகு நான் பார்த்த முதல் சிரிப்பு. எனக்குத் தோல்வியா ஜெயமா என்று புரியவில்லை.

“காலி லாரி எப்படிக் குதிக்கும்னு உங்களுக்குத் தெரியாதுங்களா?” என்றாள். “மொதல்ல எல்லாம் லோடு எறக்கிட்டு ஊட்டுக்கு வாரப்ப, முதுகு போச்சு முதுகு போச்சுன்னு என்னைத்தான தைலம் தேச்சுடச் சொல்லுவீங்க. நான் என்ன நெல்லு மூட்டையா? எனக்கு எதுக்குங்க அத்தன பெரிய ஸ்பிரிங்கு?”

அன்றைக்கே பாயிடம் மெல்லிய ஸ்பிரிங்குக்குச் சொல்லிவிட்டேன். கோபம்கூட வரவில்லை.

மெல்லிய ஸ்பிரிங் வந்து சேர்ந்த அன்று பாயை வீட்டுக்கே வரச் சொன்னேன். ஜன்னலுக்கு நேராக வேப்பமர நிழலில் வண்டியை நிறுத்தினோம். பாய்க்கு வெட்கம். “சின்னது வேண்டாம்னு நாந்தான் சொன்னேன், தங்கச்சி. வாங்கிக் கட்டிக்கிட்டேன்” என்றார். அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, எழுந்து நின்று பார்த்தாள். அவ்வளவு நேரம் அவள் நின்று நான் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது. கனமான ஸ்பிரிங் கழன்று வந்ததும், “அதைய எங்கியாச்சும் கண்ணுக்குத் தெரியாம போடுங்க பாய்” என்றாள்.

இந்த முறை கடப்பாரைக்கு வேலை இருக்கவில்லை. ஆக்ஸில் தணிந்ததும், மேல் முனைக்கு ரப்பரை மாட்டி, சுருளை ஒரு பக்கமாகச் சாய்த்து உள்ளே விட்டு, நுனியைப் பள்ளத்தில் பொருத்தினோம். ஜாக்கியை ஏற்ற ஏற்ற அது மெதுவாக மூச்சை இழுத்துக்கொள்வதுபோல் அமர்ந்தது. வேப்பம்பூ உதிர்ந்து எங்கள் முதுகில் விழுந்துகொண்டிருந்தது. எல்லா போல்ட்டையும் விரலால் மட்டும் பூட்டிவிட்டு, சக்கரம் மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, அதன் சொந்தப் பாரத்தில் நிற்கவைத்த பிறகுதான் பாய் கடைசி முறுக்கு முறுக்கினார். தொங்கவிட்டு முறுக்கினால் போல்ட்டைச் சுற்றி உள்ளே இருக்கும் ரப்பர் முறுகியபடியே கிடந்து சீக்கிரம் கிழிந்துவிடும். பின்பக்கம் சமமாக, ஓர் அங்குலம்தான் உயர்ந்திருந்தது. பார்ப்பதற்கு ஒன்றுமே செய்யாத மாதிரி இருந்தது. பாய் பின்னால் போய் நின்று ரசிக்கவெல்லாம் இல்லை.

மறுபடி ஓர் அட்டை முட்டை. இந்தத் தடவை தடத்தில் வண்டி குதிக்கவில்லை. கல் மேல் சக்கரம் ஏறும்போது வண்டி ஒரு பக்கம் யோசனையாகச் சாய்ந்து, அவசரமில்லாமல் நிமிர்ந்தது. தூரத்தில் கொல்லிமலை நீலமாக, இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும்படி இருந்தது. பின்னாலிருந்து எந்தப் பேச்சும் கேட்கவில்லை. ஓடையின் நடுவில் உருண்டைக் கல் ஒன்று சக்கரத்துக்கு அடியில் புரண்டபோது மட்டும் ஒரு சின்ன அதிர்வு.

அவள் தட்டிப் பார்க்க ஆரம்பித்தாள். நான் வாசற்படியில் உட்கார்ந்து வெளியே பார்க்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன். டிக். டிக். டிக். ஒரே மாதிரி வந்துகொண்டிருந்தது. பிறகு ஒரு சத்தம் மங்கலாக விழுந்தது. எனக்குக் கேட்டது. சந்தேகமே இல்லை, அந்த முட்டையில் கீறல். அவள் கை நின்றது. நான் திரும்பவில்லை. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். மறுபடி டிக் என்று கேட்டது. அடுத்த இரண்டைத் தட்டிக்கொண்டிருந்தாள். நான் ஓரக்கண்ணால் பார்த்தபோது, கீறல் முட்டை நல்ல முட்டைகளுக்கு நடுவே அட்டையில் உட்கார்ந்திருந்தது.

“எல்லாம் நல்லாத்தான் இருக்குதுங்க” என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. கோழிகளுக்குத் தண்ணீர் வந்துவிட்டதா என்று பார்க்கிற சாக்கில் எழுந்து வெளியே போய்விட்டேன். கீறல் முட்டையை நல்ல முட்டை என்று சொல்லி ஒரு வியாபாரியிடம்கூட அவள் விற்றதில்லை. அதற்காக என்னிடம் எத்தனை சண்டை போட்டிருக்கிறாள். அவள் பொய் சொன்னதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம் வரும் என்று நான் நினைத்ததே இல்லை. அவளுக்கும் போகவேண்டும் என்று இருந்திருக்கிறது.

மறுநாள் விடிந்ததும், வெயில் ஏறுவதற்குள் புறப்பட்டோம். மெத்தையில் சாய்ந்து படுத்தவள் கதவின் மேல் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். விரல் நுனிகள் வெளுத்திருந்தன. மண்தடத்தில் முதல் பள்ளம் வந்தபோது கண்ணை இறுக்கி மூடினாள். வண்டி பள்ளத்தில் இறங்கி, எழுந்து, போனது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். நான் கண்ணாடியில் அவளைப் பார்த்தேன். இரண்டாவது பள்ளத்தில் கண்ணை மூடவில்லை.

ஓடைக்கு வந்தோம். இரவில் எங்கோ மலைமேல் மழை பெய்திருக்க வேண்டும், கணுக்கால் அளவுக்குத் தெளிந்த தண்ணீர் ஓடியது. வெண்கொக்குகள் நகராமல் நின்றன. தண்ணீருக்குள் கல் இருக்கும் இடம் எனக்குப் பாடம், அதனால் நடக்கிற வேகத்தில் விட்டேன். பின் சக்கரம் பெரிய கல்லில் ஏறியது. வண்டி ஏறி, கொஞ்ச நேரம் அங்கேயே நின்று, மறுபக்கம் தணிந்தது. ‘தட்’ வரவில்லை. தண்ணீர் சலசலவென்று அடியில் போய்க்கொண்டிருந்தது. அக்கரை ஏறிய பிறகு கண்ணாடியில் பார்த்தேன். கைப்பிடியில் அவள் கை இல்லை. மார்பின் மேல் கிடந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. தூங்கிவிட்டாள்.

மேட்டுக்காடு வந்துவிட்டது. நாவல் கன்றுகள் வரிசையாக நின்றன. நிறுத்தினால் விழித்துவிடுவாள். இந்தக் காட்டுக்கு வரத்தானே இவ்வளவு பாடு என்று ஒரு மனம் சொன்னது. கால் பிரேக்குக்குப் போகவில்லை. குச்சிக்காட்டை வளைத்துக்கொண்டு போகும் தடத்தில் வண்டியைத் திருப்பினேன். அது காட்டைச் சுற்றி, பக்கத்துக் கடலைக்காட்டின் ஓரமாகப் போய், கிளம்பிய இடத்துக்கே வந்து சேரும். இலை நிழல்கள் கண்ணாடி வழியாக அவள் முகத்தின் மேல் ஏறி இறங்கின. தடம் முழுக்க மேடும் பள்ளமும்தான், வண்டி அதையெல்லாம் அவளுக்குத் தெரியாமல் வாங்கிக்கொண்டது. நாவல் கன்றுகள் மறுபடி வந்தன. மறுபடி திருப்பினேன். நான் ஓட்டுகிறேனா, கனவு காண்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை. வெயில் மஞ்சளாக இருந்து வெள்ளையாகிக்கொண்டிருந்தது.

பின்னாலிருந்து அவள் குரல் வந்தது. கண்ணைத் திறக்காமலே பேசினாள்.

“நம்ம காடு போயிருச்சுங்களா?”

“ம். பல தடவ போயிருச்சு.”

“தெரியுமுங்க. நம்ம கெணத்து மோட்டார் சத்தம் வந்து வந்து போச்சு.”

“நிறுத்தட்டுமா? எறங்கிப் பாக்கறயா?”

அவள் ரகசியம் பேசுகிற மாதிரித் தணிந்த குரலில் சொன்னாள்.

“இப்ப வலி இல்லீங்க. அந்த வேகத்தடையில இருந்து ஒரு நிமிசம் வுடாம இருந்துச்சு. ஓடையத் தாண்டறப்ப எங்கியோ காணாமப் போயிருச்சு. நிறுத்துனா மறுபடி வந்துருமோன்னு பயமா இருக்குது. நிறுத்தீராதீங்க.”

நான் நிறுத்தவில்லை. குச்சிக்காட்டின் திருப்பத்தில் கியரைக் குறைத்துக்கொண்டு, சுற்றி வந்த தடத்திலேயே மறுபடி இறங்கினேன்.